குளவி கூடு கட்டத் தொடங்கிய நாள்

மே 5, திங்கள்

இந்த நோட்டு எனக்குக் கொடுத்ததல்ல. மகள் நிவிக்குக் கொடுக்க வந்தார்கள், வரிசையில் அவளுக்கு முன்னால் நின்ற நான் கையை நீட்டிவிட்டேன். திருப்பிக் கொடுக்கப் போனால் பயிற்சி நடத்தும் பெனிட்டா மேடம், "பரவாயில்ல, வச்சுக்கிடுங்கம்மா" என்று சிரித்தார். அட்டையில் 'பெண்களும் இயற்கை அறிவியலும் – கோடைப் பயிற்சி' என்று அச்சடித்திருக்கிறது. நூறு பக்கம். கோலம் போட்டுப் பழகலாம் என்று வைத்துக்கொண்டேன், இப்போது பார்த்தால் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ப்ளஸ் டூ முடித்த பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டுதான்.

தென்காசியில் ஒரு பழைய பங்களாவில் மியூசியம். ஆலங்குளத்திலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஐந்து வாரம், திங்கள் புதன் வெள்ளி, பத்திலிருந்து ஒன்று வரை. இருபது பெண்பிள்ளைகள். கடைசியில் அதில் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்து ஒரு வருஷம் மியூசியத்தின் மாணவ உதவியாளராக வைத்துக்கொள்வார்களாம், பெண்கள் கல்லூரியில் விலங்கியல் படிக்கச் சிபாரிசுக் கடிதமும் தருவார்களாம். அந்த ஒருத்தி என் மகளாக இருக்க வேண்டும். வேறு ஆசை எனக்கு என்ன இருக்கிறது!

'விலங்கியல் என்றால் எனக்கு உயிர்' என்று விண்ணப்பத்தில் இருக்கிறது. நான்தான் பூர்த்தி செய்தேன், நிவிக்குக் கையெழுத்து கோணல்.

வயதுப் பிள்ளையைத் தனியாக அனுப்ப இவருக்கு மனசில்லை. அதனால் நானும் கூடவே போக வேண்டியதாயிற்று. எனக்கு வேலை கெட்டதுதான் மிச்சம்.

மே 7, புதன்

வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். வாட்ச்மேன் கந்தையா அண்ணன், "சும்மா ஏம்மா ஒக்காந்துருக்கிய, உள்ள போயிப் பாருங்க" என்றார். போனேன்.

ஒரு அறை முழுக்க இழுப்பறைகள், கண்ணாடி மூடி போட்டவை. உள்ளே வண்டும் தும்பியும் பட்டாம்பூச்சியும் குண்டூசியில் குத்தியிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கீழே நகத்தளவு காகிதம். அதில் ஊர், தேதி, பிடித்தவர் பெயர். 'கடையம், 11.3.1931, எஸ். தேவசகாயம்' என்று ஒரு சாணி வண்டுக்குக் கீழே. தொண்ணூறு வருஷமாக அந்த வண்டோடு சேர்ந்து அந்த மனுசனும் இருக்கிறார். எனக்கு ஏன் அதையே பார்த்துக்கொண்டு நிற்கத் தோன்றியது என்று தெரியவில்லை. மணி ஒன்றாகிவிட்டது.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் இருக்கும் ஏதாவது ஓர் உயிரைத் தேர்ந்தெடுத்துத் தினமும் கவனித்து எழுத வேண்டும். மே முப்பதாம் தேதி நோட்டை ஒப்படைக்க வேண்டும். அதை வைத்துத்தான் அந்த ஒருத்தியைத் தேர்ந்தெடுப்பார்கள்.

"எதட்டி எழுதப் போற?" என்று பஸ்ஸில் கேட்டேன்.

"நம்ம வீட்டுல என்னம்மா இருக்கு? நீயும் அப்பாவும்தான்" என்றாள். வாய் மட்டும் காது வரைக்கும் இருக்கிறது.

மே 8, வியாழன்

ரிசல்ட் வந்தது. பாஸ். சாயங்காலம் மழை வருவது போல இருந்தது, வரவில்லை.

மே 9, வெள்ளி

காலையில் லைட் போடப் போனபோது பார்த்தேன். அடுப்படிச் சுவரில் சுவிட்ச் போர்டுக்கு மேலே குளவி கூடு கட்டுகிறது. புளியங்கொட்டையைவிடப் பெரிதாய் உருண்டையாய் ஒரு மண் அறை, வாய் அடைத்தது. பக்கத்தில் இரண்டாவது அறை பாதியில் நிற்கிறது. எப்போது தொடங்கியதோ. இன்றைக்குத்தான் என்று வைத்துக்கொள்வோம். மண்ணை வாயில் உருட்டிக் கொண்டுவருகிறது. துணி துவைக்கிற கல்லடியில் ஈரமாகக் கிடக்கிற மண். ஒருமுறை போய்வர ஒன்றரை நிமிஷம். இரண்டாவது அறைக்கு முப்பத்தோரு முறை எண்ணினேன். பால் பொங்கிப் போனதுகூடத் தெரியவில்லை.

நிவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்தாள். நேற்றிலிருந்து பேசுவதில்லை. கன்னம் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. எதிர்வீட்டுச் செல்லத்தாயக்கா கேட்டதற்குப் பல்வலி என்று சொன்னேன்.

மியூசியத்தில் இன்று என்ன நடந்தது என்று கேட்டுக்கொள்ளவில்லை. நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

மே 12, திங்கள்

மூன்றாவது அறை. பானை போலச் சின்னக் கழுத்து வைத்துக் கட்டுகிறது. அது வெளியே போன நேரம் பார்த்து, ஸ்டூலில் ஏறி, நிவி போனில் டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். அறை வெறுமையாக இருக்கிறது, மேலே கூரையிலிருந்து ஒரு நூலில் முட்டை தொங்குகிறது! முட்டையை முதலில் தொங்கவிட்டுவிட்டுப் பிறகுதான் புழு பிடிக்கப் போகிறது. இதை யாரிடம் சொல்வது? இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், இவரிடம் சொன்னேன்.

"சுவிட்ச் போர்டு பக்கத்துல ஈரக் கையோட ஏறி நிக்கியா? கரண்டு ஆபீஸ்காரன் பொண்டாட்டி கரண்டு அடிச்சுச் செத்தான்னா எனக்கு வேலை போயிரும்ளா" என்றார். லைன்மேன் புத்தி.

கவனித்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதி நிவியிடம் கொடுத்தேன். குக்கர் மூணாவது விசிலுக்கு ஒரு புழு, துணி உலர்த்தப் போனபோது ஒரு புழு, கீரை ஆய்ந்து முடிக்கும்போது ஒன்று. எல்லாம் பச்சைப் புழு, மொத்தம் ஏழு.

"பாத்து ஒன் நோட்டுல எழுது."

"இது தப்பில்லையாம்மா?"

"நான் என்ன பரீட்சையா எழுதித் தாரேன்? எனக்குக் கண்ணு தெரியுது, பாத்தேன். ஒனக்குக் கை இருக்கு, எழுது."

எழுதினாள். எதிர்த்துப் பேசவில்லை. எதிர்த்துப் பேசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மே 14, புதன்

செல்லத்தாயக்கா அரிவாள்மணை கேட்டு வந்தவள் கூட்டைப் பார்த்துவிட்டாள். வீட்டில் குளவி கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்பார்களே, அவ்வளவுதான். "ஏட்டி உலகு! நாப்பது வயசுல என்னட்டி விசேஷம்? சொல்லவேயில்ல!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒரு சிரிப்பு. இவர் வேறு அந்த நேரம் பார்த்து உள்ளே வந்து, "என்கிட்டயும் சொல்லலக்கா" என்கிறார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. இரண்டு பேரையும் வெளியே விரட்டினேன்.

போகும்போது செல்லத்தாயக்கா சொன்னாள், "ஒடைச்சுராதட்டி, பாவம். அந்தப் புழுவக் கொட்டிக் கொட்டித் தன் பிள்ளையாட்டம் மாத்திரும், அதுக்குத்தான் கொண்டுபோய் அடைக்கி."

நானும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தவள். ஆனால் அந்த முட்டை எதற்கு? புழுதான் குளவியாகும் என்றால் முட்டை எதற்குத் தொங்குகிறது? அடுப்பு வேலை முடிகிறவரை இதே நினைப்பு. குழப்பமாக இருக்கிறது.

மே 16, வெள்ளி

இன்று மானம் போயிற்று.

வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பெனிட்டா மேடத்துக்கு முப்பது வயதுகூட இருக்காது. பூச்சிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "யாருக்காவது கேள்வி இருக்கா?" என்றதும் என்னையறியாமல் கம்பிக்குள்ளே தலையை நீட்டி, "புழு குளவியா மாறுமா மேடம்?" என்று கேட்டுவிட்டேன். இருபது பிள்ளைகளும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நிவி மட்டும் மேசையைப் பார்த்தாள்.

மேடம் சிரிக்கவில்லை. "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றார்.

"தெரியலையே, அதனாலதான் கேக்கேன்."

"அப்போ பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்க."

இதென்ன பதில்? தெரிந்தவர் சொன்னால் என்ன குறைந்துவிடும்! பஸ்ஸில் நிவி என் பக்கத்தில் உட்காராமல் பின்சீட்டுக்குப் போய்விட்டாள்.

அறிவிப்புப் பலகையில் பயிற்சிக்கு வயது வரம்பு பதினேழு முதல் இருபத்தைந்து வரை என்று போட்டிருக்கிறது. சும்மா கண்ணில் பட்டது.

மே 18, ஞாயிறு

நாலாவது அறையையும் அடைத்துவிட்டது. மேலே மண்ணைப் பூசி எல்லாவற்றையும் ஒரே உருண்டையாக்கிவிட்டுப் போயிற்று. திரும்பி வரவில்லை. இத்தனை பாடுபட்டுவிட்டு ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் எப்படிப் போகிறது?

மே 21, புதன்

தலைவலி. நிவியைத் தனியாக அனுப்பினேன்.

இவர் டூட்டிக்குப் போனதும் கதவைத் தாழ் போட்டுவிட்டு ஸ்டூலில் ஏறினேன். உடைக்கக் கூடாது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். உடைக்கவில்லை. நாலாவது அறையில் சேஃப்டி பின் முனையால் சுரண்டிச் சுரண்டி ஒரு ஜன்னல் மட்டும் வைத்தேன். பொட்டு அட்டையின் பிளாஸ்டிக்கை வட்டமாக வெட்டி, மைதாப் பசை தடவி மேலே ஒட்டினேன். மணி பதினொன்று இருபது.

உள்ளே பச்சைப் புழுக்கள் அடுக்கிக் கிடக்கின்றன, இதிலும் ஏழு. சாகவில்லை. ஒட்டுவதற்கு முன் பின் முனையால் லேசாகத் தொட்டபோது ஒன்று சிலிர்த்தது. அதன் மேலே மஞ்சளாக, கண்ணும் காலும் இல்லாமல், அரிசியளவுக்கு ஒன்று வாயை வைத்து உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. முட்டையிலிருந்து வந்தது அதுதான். புழு குளவியாகவில்லை. குளவியின் பிள்ளைக்குப் புழு சாப்பாடு. கெட்டுப்போகாமல் இருக்கத்தான் கொல்லாமல் கொட்டி வைத்திருக்கிறது.

ஸ்டூலிலிருந்து இறங்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷமா பயமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நாற்பது வருஷமாகக் கேட்ட ஒன்று பொய் என்று நானே, என் கண்ணாலே, என் அடுப்படியிலே பார்த்திருக்கிறேன். சோறு வைக்க மறந்துவிட்டேன்.

எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதி நிவியிடம் கொடுத்தேன். நிவி தனியாகவே போய்த் தனியாகவே வந்திருக்கிறாள், ஒன்றும் ஆகவில்லை.

மே 22, வியாழன்

இவரிடம், "நீங்க தனியா அனுப்பக் கூடாதுன்னிய, நேத்து நல்லாப் போயிட்டு வந்துட்டா பாத்தியளா" என்றேன்.

"நான் எப்பம்ளா சொன்னேன்? அவ தனியாப் போவாளே, நீ எதுக்குன்னுதான கேட்டேன்" என்கிறார். மறதி.

மே 24, சனி

ஏழில் ஐந்து தீர்ந்துவிட்டது. மஞ்சள் புழு சுண்டுவிரல் நுனியளவு ஆகிவிட்டது. மீதி இரண்டும் இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன, அசைய மட்டும் முடியவில்லை.

நிவி உட்கார்ந்து நான் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து எழுதுகிறாள். தலையைத் தூக்குவதில்லை. எதைச் சொன்னாலும் சரி என்கிறாள். முன்பெல்லாம் இவள் இப்படி இல்லை.

எனக்கு என்னவோ போல் இருக்கிறது. இன்று சீக்கிரம் படுத்துவிடுவேன்.

மே 26, திங்கள்

நிவியின் பையில் கெமிஸ்ட்ரி புத்தகத்துக்குள் ஒரு விண்ணப்பம் இருந்தது. திருநெல்வேலியில் கேட்டரிங் படிப்பாம். அவளே பூர்த்தி செய்திருக்கிறாள். கையெழுத்து கோணலாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு அடித்தல்கூட இல்லை.

"அடுப்படியில நான் வெந்தது போதாதாட்டி? நீயும் அங்கனதான் போய் நிக்கணுமா?" என்று கத்தினேன்.

"எனக்கு அடுப்படி பிடிக்கும்மா. ஒனக்குத்தான் பிடிக்கல."

"எனக்கா? இருபது வருஷமா ஆக்கிப் போடுதேனே!"

"பிடிச்சா ஆக்குத? ஒனக்குப் பூச்சிதான் பிடிச்சிருக்கு. என்னய ஏம்மா போகச் சொல்லுத?"

கையை ஓங்கிவிட்டேன். ஓங்கியதும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் என் கை தானாக இறங்கிவிட்டது. போய்ப் பாத்திரம் தேய்த்தேன்.

எனக்குப் பூச்சி பிடிக்குமாம். ப்ளஸ் டூவில் என்ன மார்க் வாங்கினேன் என்பதுகூட எனக்கு நினைவில்லை. உயிரியலில் இருநூற்றுக்கு நூற்றெண்பத்தெட்டு.

மே 28, புதன்

ஜன்னல் வைத்த அறைக்குள் எறும்பு புகுந்துவிட்டது. மைதாப் பசைக்கு வந்திருக்கிறது. இரவோடு இரவாக மஞ்சள் புழுவைத் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டு போய்விட்டன. காலையில் பார்த்தால் வெறும் அறை.

மற்ற மூன்றும் பத்திரமாக இருக்கின்றன. நான் திறந்து பார்த்ததுதான் செத்தது. பசைக்குப் பதில் வேறெதையாவது வைத்திருக்கலாம். புத்தி இல்லை எனக்கு. அழுகை வந்தது, ஒரு புழுவுக்காக அழுகிறேன் என்று யாரிடம் சொல்வது!

மே 30, வெள்ளி

நோட்டை ஒப்படைத்தாயிற்று. எறும்பு விஷயத்தை மட்டும் விட்டுவிடலாம் என்றேன், நம் தப்பு வெளியே தெரிய வேண்டாமே. நிவி, "நடந்தத எழுதணும்னுதான மேடம் சொன்னாவ" என்று எழுதிவிட்டாள். மூன்று வாரத்தில் அந்த நோட்டில் அவளாகச் செய்த காரியம் இது ஒன்றுதான்.

ஜூன் 2, திங்கள்

நிவியைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்!

மூன்று பேர் கொண்ட கமிட்டி, ஊர், பெயர் தெரியாமல் நோட்டுகளை மட்டும் படித்துப் பார்த்துச் சொன்னார்களாம். கந்தையா அண்ணன் ஓடிவந்து சொன்னார். எனக்குக் காலே தரையில் இல்லை. வரும் வெள்ளிக்கிழமை விழா. நிவி மேடையேறிக் குளவியைப் பற்றிப் பத்து நிமிஷம் பேச வேண்டும். சிபாரிசுக் கடிதமும் அன்றைக்கே கையில் கிடைத்துவிடும்.

நிவி பஸ்ஸில் அழுதாள். சத்தமில்லாமல். "மூணு வருசம் படிக்கணும்மா" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

கேட்டரிங்குக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதி ஜூன் ஆறு. அதே வெள்ளி.

ஜூன் 3, செவ்வாய்

ஒன்றும் ஓடவில்லை. சந்தோஷப்பட வேண்டிய வீட்டில் மூன்று பேரும் எழவு வீட்டில் இருப்பது போல உட்கார்ந்திருக்கிறோம்.

எது சரி என்று தெரியவில்லை. பிள்ளைக்கு இப்போது பிடிக்காது, போகப் போகப் பிடித்துவிடும் என்று ஒரு மனசு சொல்கிறது. இப்படித்தான் எனக்கும் சொன்னார்கள், கல்யாணத்தின்போது. இவர் நல்ல மனுசன்தான், அது வேறு. ஆனால் போகப் போகப் பிடித்துவிட்டதா என்று இருபது வருஷத்தில் யாரும் என்னைத் திரும்பக் கேட்கவில்லை.

இன்றும் கூட்டைப் பார்த்தேன். அசையாமல் கிடந்து உயிரோடு தின்னக் கொடுத்த அந்தப் பச்சைப் புழு கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

ஜூன் 4, புதன்

காலை ஆறரை மணிக்கு முதல் அறையிலிருந்து குளவி வந்துவிட்டது. உள்ளேயிருந்தே மண்ணைக் கடித்துக் கடித்து ஓட்டை போட்டது. தலை வெளியே வந்ததும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. மீசையைத் துடைத்துக்கொண்டது. நிவியை எழுப்பினேன். பாயிலிருந்து ஓடிவந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் மூச்சு விடவில்லை. பறந்து ஜன்னல் வழியாகப் போய்விட்டது.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்பு" என்றேன். "மேடத்துக்கிட்ட சொல்லிருவோம்."

"என்னத்தம்மா?"

"நான் எழுதுனேன்னு."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை.

மேடத்தின் அறையில் நான் வாயைத் திறப்பதற்குள் நிவி சொல்லிவிட்டாள். "அது என் நோட்டு இல்ல மேடம். கையெழுத்து மட்டுந்தான் என்னோடது."

பெனிட்டா மேடம் எழுந்து போய் வருகைப் பதிவேட்டையும் நிவியின் நோட்டையும் எடுத்துக்கொண்டு வந்தார். "நேத்துதான் ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தேன். மே இருபத்தொண்ணு, காலை பதினொண்ணு இருபதுக்கு அறையைத் திறந்ததா எழுதியிருக்கு. அந்த நேரம் நீ என் முன்னாடி உட்கார்ந்து வெட்டுக்கிளிக் கால் வரைஞ்சுக்கிட்டு இருந்தே." பிறகு ஒரு பக்கத்தைத் திருப்பினார். "இங்க, 'இவர் டூட்டிக்குப் போனதும்'னு இருக்கு. அப்பாவை யாரும்மா 'இவர்'னு எழுதுவாங்க?"

நிவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. நான் எழுதிக் கொடுத்ததை ஒரு எழுத்துவிடாமல் அப்படியே எழுதியிருக்கிறாள், கழுதை.

"தப்பு என்னோடதுதான் மேடம். பிள்ளைய ஒண்ணும் சொல்லாதிய" என்றேன்.

"தப்புதான்" என்றார். மழுப்பவில்லை. உதவியாளர் இடம் அடுத்து வந்த கடையநல்லூர் ஜன்னத்துக்குப் போகுமாம். அந்தப் பிள்ளை சிலந்தியைப் பற்றி எழுதியிருக்கிறதாம். நல்ல பிள்ளை. எனக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன்.

எழுந்து வாசல்வரை வந்துவிட்டோம். மேடம் பின்னாலிருந்து கூப்பிட்டார். "புழு குளவியா மாறுமான்னு கேட்டீங்களே. பதில் சொல்லாமலே போறீங்க?"

"மாறாது மேடம்" என்றேன். "திங்கும். அவ்வளவுதான்."

வராந்தாவில் அறிவிப்புப் பலகை. பதினேழு முதல் இருபத்தைந்து. இந்த முறை சும்மா கண்ணில் படவில்லை, நின்று படித்தேன்.

ஜூன் 6, வெள்ளி

விழாவுக்குப் போகவில்லை. நிவியும் இவரும் திருநெல்வேலிக்குப் போய் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். வீட்டில் நான் தனியாக இருந்தேன். இரண்டாவது குளவி மத்தியானம் வெளியே வந்தது. 12.10.

ஜூன் 9, திங்கள்

மூன்றாவதும் போயிற்று. பெனிட்டா மேடம் நிவி போனுக்குப் பேசினார். காலிக் கூடு மியூசியத்துக்கு வேண்டுமாம். நாலு அறையையும், ஜன்னல் வைத்த அந்த அறை உட்பட, நேரத்தோடு எழுதிய குறிப்போடு சேர்த்து இழுப்பறையில் வைப்பார்களாம். இதுவரை யாரும் அங்கே ஒரு கூட்டை இப்படி முழுசாகக் கவனித்துக் கொடுத்ததில்லையாம்.

இவர் ஸ்குரூ டிரைவரும் சுத்தியலும் எடுத்துவந்து, மெயினை அணைத்துவிட்டு, சுவர்ப் பூச்சோடு சேர்த்துப் பெயர்த்துக் கொடுத்தார். ஒரு பொடிகூட உதிரவில்லை. அந்தக் கைக்கு நான் ஒருநாளும் நல்ல வார்த்தை சொன்னதில்லை, இன்று சொன்னேன். "என்னளா, மேலுக்கு எதும் சரியில்லையா?" என்றார்.

ஜூன் 11, புதன்

நானும் நிவியும் போனோம். கூடு மிட்டாய்ப் பெட்டியில் பஞ்சு மேல் இருந்தது.

மேடம் அந்த நகத்தளவு காகிதத்தை எடுத்தார். பென்சிலைக் கூராகச் சீவிக்கொண்டார். ஊர், ஆலங்குளம். அடுத்து, "பெயர்?" என்றார். உலகம்மாள் என்றேன். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"கட்டத் தொடங்கின தேதி?"

"மே ஒம்பது."

மேடம் நிமிர்ந்தார். "ஒன்பதாம் தேதி காலையில ஓர் அறை அடைச்சாச்சு, இன்னொன்னு பாதின்னு எழுதியிருக்கீங்க. ஓர் அறையைக் கட்டி, புழு நிரப்பி அடைக்க அரை நாளாவது ஆகுமே. இதுல தேதி தப்பானா மத்தது எதையும் நம்ப முடியாதும்மா."

விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன்.

"எட்டு, மேடம்" என்றாள் நிவி. "எட்டாந்தேதி மத்தியானம். மணி ஒண்ணே கால்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அன்னைக்கு ரிசல்ட் வந்துச்சு. நான் சுவிட்ச் போர்டுக்கிட்ட நின்னுக்கிட்டு இருந்தேன். அப்பதான் மொதல் மண்ணக் கொண்டுட்டு வந்து ஒட்டுச்சு. ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே நின்னேன்." அதோடு நிறுத்திக்கொண்டாள். என் பக்கம் திரும்பவில்லை.

மேடம் 'மே 8' என்று எழுதினார். முதலில் கண்டவர் நிவேதிதா, கவனித்தவர் உலகம்மாள் என்று இரண்டு பெயரும் அந்தச் சின்னக் காகிதத்தில் இடித்துக்கொண்டு இருக்கின்றன.

வரும்போது பஸ்ஸில் ஒன்றாகத்தான் உட்கார்ந்தோம். அந்த ஒரு மாதமும் நான்தான் பார்த்தேன், நான்தான் பார்த்தேன் என்று இருந்தேன். அவள்தான் முதலில் பார்த்திருக்கிறாள். அதைப் பார்க்க அவள் அங்கே ஏன் சுவரைப் பார்த்து நின்றாள் என்பது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டில் மே எட்டாம் தேதியைத் திறந்தேன். 'ரிசல்ட் வந்தது. பாஸ்.' அதன் அடியில் நிறைய இடம் இருந்தது. எழுதினேன்.

'நிவிக்கு உயிரியலில் நூற்றுக்கு 54. அடுப்படியில் வைத்து அவளை அடித்தேன். கன்னத்திலும் முதுகிலுமாக நாலு அடி. பிறகு பின்வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன். அவள் சுவரைப் பார்த்து நின்று அழுதாள். மணி 1.15. அப்போது குளவி வந்தது.'

நோட்டை அவளிடம் நீட்டினேன். மாவு பிசைந்துகொண்டிருந்தவள் கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள். மெதுவாகப் படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள்.

"அஞ்சு அடிம்மா" என்றாள்.

நோட்டை வாங்கித் திருத்தினேன்.